வளவில் முளைத்தது என்ன செடி? போனில் தேடுவோருக்குப் பதில்கள்

கேள்வி (சுன்னாகம்): வளவில் முளைத்த செடியைக் கூகுள் லென்ஸில் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர் வருகிறது. எதை நம்புவது?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் முழுச் செடியையும் வேலியோடு சேர்த்து எடுத்திருக்கிறீர்கள். இலையின் மேற்பக்கம், அடிப்பக்கம், அது தண்டில் சேரும் இடம், பூ, காய் என்று தனித்தனியாக எடுங்கள். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். செடிகளை அடையாளம் காட்டும் பிளான்ட்நெட் செயலியில் ஒரே செடியின் பல படங்களைச் சேர்த்தே போடலாம். பிறகு வரும் தாவரவியல் பெயரைத் திரும்பத் தேடி, அந்தப் படங்களைக் கையிலிருக்கும் கொப்போடு ஒப்பிடுங்கள்.

கேள்வி (கோப்பாய்): லென்ஸ் கீழ்க்காய்நெல்லி என்கிறது. மாமி இல்லை என்கிறா.

பதில்: மாமியின் பக்கம்தான் நான். உங்கள் படத்தில் தண்டு சிவந்திருக்கிறது. கொப்பைத் திருப்பிக் காயைப் பாருங்கள். சிறு காம்பில் தொங்கி வழவழப்பாக இருந்தால் பிலாந்தஸ் அமாரஸ், ஊரில் கீழ்க்காய்நெல்லி என்று எடுப்பது. காம்பே இல்லாததுபோல ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் பிலாந்தஸ் யூரினேரியா, தண்டு சிவந்த அதன் உறவுச் செடி. மேலிருந்து படம் எடுத்தால் காயே தெரியாது, லென்ஸ் பாவம் என்ன செய்யும்?

கேள்வி (டொரொண்டோ): அம்மா வட்ஸ்அப்பில் அனுப்பிய கொடி. பூ இல்லை, கிழங்கு இருக்காம். அவிக்கலாமா என்று கேட்கிறா.

பதில்: வேண்டாம் என்று இப்பவே கோல் எடுத்துச் சொல்லுங்கள். இலை நுனியைப் பெரிதாக்கிப் பாருங்கள்: நீண்டு, சுருண்டு, பக்கத்துக் கம்பியைப் பற்றியிருக்கிறது. இது கார்த்திகைப்பூக் கொடி. கிழங்கில் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது; வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. பூத்திருந்தால் சின்னப்பிள்ளையும் பெயர் சொல்லும். பூ இல்லாத காலத்தில் போன் வேறு ஏதாவது பெயரைக் காட்டினாலும் ஆச்சரியமில்லை, ஆகவே வாயில் வைக்கிற எதையும் போனைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். அப்புறம், வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். டொக்கியுமென்டாக அனுப்பினால் நுனி, நரம்பு எல்லாம் தெளிவாக வரும்.

கேள்வி (நெல்லியடி): கரட் இலை மாதிரி இலை, பொடி வெள்ளைப் பூ. தோட்டமெல்லாம் பரவுகிறது.

பதில்: பார்த்தீனியம். தோலில் பட்டால் கடி, சொறி வரும். கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பூத்துவிட்டதால் விதை உதிராமல் பையில் கட்டுங்கள். மாட்டெருக் குவியலில் போட்டால் அடுத்த போகத்துக்கு நீங்களே விதைத்த மாதிரி.

கேள்வி (சாவகச்சேரி): இரண்டு இலை விட்ட நாற்று. பெயர் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது. வளரட்டும், பூத்ததும் படம் அனுப்புங்கள்.