ஒன்றுமில்லை டாக்டர் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் ஹவுஸ் சர்ஜன். இரவுப் பணி முடித்து வந்து இதை எழுதுகிறேன். மூன்று மாதமாக விடாத தலைவலி வேறு, பிழைகள் இருந்தால் மன்னிக்கவும். மேற்படிப்புக்கு ஏரோஸ்பேஸ் மெடிசின், அதாவது விமானிகளுக்கும் விண்வெளி வீரர்களுக்குமான மருத்துவம், எடுக்க ஆசை. அதைப் பற்றித் தேடியபோதுதான் அமெரிக்காவின் யூ-2 உளவு விமானத் திட்டம் கண்ணில் பட்டது. 70,000 அடி உயரத்தில் ரகசியமாகப் பறந்த விமானிகளை உயிரோடு காப்பாற்றியது டாக்டர்களின் தியாகம். ஆனால் அவர்கள் பெயர் எங்குமே இல்லை. இந்த மௌனத் தியாகம் பற்றித் தமிழில் ஏன் யாரும் எழுதுவதில்லை? உளவு வேலைக்குத் துணைபோவது மருத்துவ அறத்துக்கு விரோதம் என்கிறான் என் நண்பன். நான் அதையும் தியாகம் என்றே நினைக்கிறேன். அப்பாவோ, “அதைப் படிச்சிட்டு எங்கே கிளினிக் வைப்பே?” என்கிறார். நான் இந்தப் படிப்பை எடுக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

என்ன படிக்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடியில் நான்காக மடித்த ஒரு காகிதம் கிடந்தது. பேருந்து ஓட்டுநர்களுக்கு டாக்டர் கொடுக்கும் தகுதிச் சான்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உங்கள் கடிதத்தைப் படித்தேன். இந்தப் பதிலுக்கு அதுதான் காரணம்.

முதலில் திட்டிவிடுகிறேன். இத்தனூண்டு கடிதத்தில் மூன்று இடத்தில் ‘தியாகம்’. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒழுங்காகச் செய்த வேலைக்கு வேலை என்றுதான் பெயர், அதுவே பெரிய விஷயம். பெயர்கள் எங்குமே இல்லை என்பதும் தவறு. அந்தத் திட்டத்தில் விமானிகளின் உயிர்காப்புக்கு வழிகாட்டியவர் டொனால்ட் ஃபிளிக்கிஞ்சர் என்ற விமானப்படை மருத்துவர். 1943-இல் பர்மா எல்லையில் நாகா மலைக்காட்டில் ஒரு விமானம் விழுந்தபோது, காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் பாராசூட்டில் குதித்தவர். யூ-2 விமானிகளை அக்குவேறு ஆணிவேறாகச் சோதித்துப் பார்த்தது நியூ மெக்சிகோவில் ஆல்பகர்க்கி நகரத்து லவ்லேஸ் கிளினிக். 1959-இல் முதல் விண்வெளி வீரர்களைச் சோதித்ததும் அதே இடம்தான். அந்தக் கிளினிக்கின் டாக்டர் லவ்லேஸும், அதே 1943-இல், ஆக்சிஜன் கருவியைச் சோதிக்க 40,000 அடிக்கு மேலிருந்து குதித்தார். பாராசூட் விரிந்த அதிர்ச்சியில் நினைவிழந்தார். கையுறை பறந்துபோய்க் கை உறைந்துவிட்டது. பெயர்கள் இருக்கின்றன அம்மா, தேடினால் கிடைக்கும். தமிழில் ஏன் இல்லை என்று கேட்கிறீர்கள். நீங்கள் எழுதுங்கள்.

இனி அந்த உடலுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் படித்திருப்பீர்கள், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சுமார் 63,000 அடிக்கு மேலே காற்றழுத்தம் எவ்வளவு குறைவென்றால், நம் உடம்புச் சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும். யூ-2 அதற்கும் மேலே பறப்பது. விமானத்தின் எடையைக் குறைக்க வேண்டும் என்பதால் விமானியறையிலும் அழுத்தத்தைக் குறைவாகவே வைத்தார்கள். ஏறக்குறைய 29,000 அடி உயரத்துக்குச் சமம். அதாவது எவரெஸ்ட் உச்சியில் எட்டு மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது போல. கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் குமிழி பொங்குகிறதே, அப்படி ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் பொங்கும். மூட்டில் பொங்கினால் வலி. மூளையில் பொங்கினால் வேறு கதை.

அதற்காகத்தான் பறப்பதற்கு முன்பு ஒன்றரை மணி நேரம் சுத்த ஆக்சிஜனை மட்டும் சுவாசிக்க வைத்தார்கள். நைட்ரஜன் உடம்பைவிட்டு வெளியேற வேண்டும். ஒருமுறை ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் கழற்றக் கூடாது. நடுவில் வெளிக்காற்றை இழுத்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாது. குறைந்த காற்றழுத்தத்திலிருந்து உடம்பைக் காக்கும் அழுத்த உடையைத் தைத்துக் கொடுத்தது மாசசூசெட்ஸில் பெண்களுக்கு உள்ளாடை செய்துகொண்டிருந்த கம்பெனி. உடம்பை இறுக்கிப் பிடிக்கும் துணியைப் பற்றி அவர்களைவிட யாருக்குத் தெரியும்! முதலில் வந்த உடையில் சிறுநீர் கழிக்க வழியே இல்லை. அதனால் கிளம்பும் முன்பே கதீட்டர் குழாய் போட்டு அனுப்பினார்கள். பிறகுதான் வெளியில் ஒரு பை வந்தது. வயிற்றுத் தொந்தரவு வரக்கூடாது என்று முதல் நாளிலிருந்தே சக்கை குறைந்த, புரதம் நிறைந்த சாப்பாடு. மேலே போனதும் ஹெல்மெட்டில் உள்ள துளை வழியே குழாயில் சர்க்கரைத் தண்ணீர். அப்படியும் எட்டு மணி நேரப் பயணத்தில் மூன்று முதல் ஆறு பவுண்டு வரை எடை இறங்கியது.

இத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டவர்களே, எதிரியிடம் பிடிபட்டால் கடிக்க என்று அந்த விமானிக்கு விஷக் குப்பியும் கொடுத்தார்கள். மெல்லிய கண்ணாடிக்குள் பொட்டாசியம் சயனைடு. கட்டாயமில்லை, வேண்டுமானால் எடுத்துப்போகலாம். கார்மைன் வீட்டோ என்ற விமானிக்கு எலுமிச்சை மிட்டாய் என்றால் உயிர். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், வானத்தில் ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியைத் திறந்து மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார். 1956 டிசம்பர் 10 அன்று, பல்கேரியா பயணத்துக்காக உடையை மாட்டிவிட்ட ஊழியர், மிட்டாய் இருந்த அதே பையில் குப்பியையும் வைத்துவிட்டார். பாதி வழியில் வீட்டோ வாயில் போட்டது குப்பி. என்ன இது, ருசியே இல்லை, வழவழவென்று இருக்கிறது என்று யோசித்திருக்கிறார். கடிக்கத் தோன்றியும் கடிக்காமல், கையில் துப்பிப் பார்த்திருக்கிறார். இது சி.ஐ.ஏ. எழுதிவைத்த வரலாற்றிலேயே உள்ள சம்பவம். உங்கள் நண்பனின் அறக் கேள்விக்கு நான் கொடுக்கக்கூடிய பதில் இவ்வளவுதான். அவனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

எனக்கு முக்கியமாகப் படும் விஷயமே வேறு. ஒரு டாக்டர் தன் கையெழுத்தால் ஒருவனுடைய பிழைப்பை நிறுத்திவிட முடியும் என்றால், அந்த டாக்டரிடம் அவன் எதைச் சொல்வான்? முழங்கால் வலிக்கிறது என்றால் அடுத்த பயணம் இல்லை. பேச்சு ஒரு நிமிடம் குழறியது என்றால் இனிப் பயணமே இல்லை. சாதாரண விமானிக்காவது வெளியில் வேறு டாக்டர் உண்டு, வீட்டில் மனைவியிடம் புலம்பலாம். ரகசிய விமானி எங்கே போய்ச் சொல்வான்? எங்கே பறந்தாய், எவ்வளவு உயரத்தில் பறந்தாய் என்பதே வாயைத் திறந்து சொல்லக்கூடாத செய்தி. உடையைச் சரி செய்தார்கள், ஆக்சிஜனைச் சரி செய்தார்கள், சாப்பாட்டைச் சரி செய்தார்கள். அவன் வாயைத் திறக்க வைக்க ஒன்றும் செய்யவில்லை.

ஊகமாகச் சொல்லவில்லை. யூ-2 விமானிகளிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்ட ஆய்வு ஒன்று 1996-இல் வெளியானது. தம் பணிக்காலத்தில் இந்தக் குமிழி நோயின் அறிகுறியை வானத்தில் உணர்ந்ததாக 75.5 சதவீதம் பேர் சொன்னார்கள். அதற்காகப் பயணத்தை மாற்றியதாகவோ முறித்துக்கொண்டதாகவோ சொன்னவர்கள் 12.7 சதவீதம். மற்றவர்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள், கீழே இறங்கியதும் வலி போயிருக்கிறது. டாக்டர் “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “ஒன்றுமில்லை டாக்டர்.” 2013-இல் 102 விமானிகளின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பறக்காத 91 பேரோடு ஒப்பிட்டால், வெண்பகுதியில் தழும்பு போன்ற புள்ளிகள் ஏறக்குறைய மூன்று மடங்கு, அவற்றின் கன அளவு நான்கு மடங்கு. 1955-இல் பறக்கத் தொடங்கிய விமானத்தில், அறையின் அழுத்தத்தை 15,000 அடிக்குச் சமமாக மாற்றும் வேலை 2010-களில்தான் நடந்தது.

இதில் ஒரு கேலிக்கூத்தும் உண்டு. 1960 மே மாதம் பவர்ஸ் என்ற விமானியின் யூ-2 விமானத்தை சோவியத் ரஷ்யா சுட்டு வீழ்த்தியதும் அமெரிக்கா உலகத்துக்குச் சொன்ன பொய் என்ன தெரியுமா? அது வானிலை ஆராய்ச்சி விமானம், துருக்கியில் ‘வான்’ என்ற ஏரிக்கு மேலே ஆக்சிஜன் கோளாறு என்று விமானி தகவல் சொன்னார் என்பதுதான். நிஜக் கோளாறை ஒருவரும் வெளியே சொல்லமாட்டார்கள், இல்லாத கோளாறை அரசாங்கமே அறிக்கை விட்டுச் சொல்கிறது!

அப்பாவின் காகிதத்துக்கு வருகிறேன். அவர் திண்டுக்கல் பக்கம் தனியார் பேருந்து ஓட்டினார். நாற்பத்தைந்து வயதில் கண் மங்க ஆரம்பித்தது. கண்ணாடி போட்டால் முதலாளி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார் என்று பயம். எனக்குப் பதினொரு வயது. டாக்டர் அறைச் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைப் பார்த்து மனப்பாடம் செய்துவர என்னை அனுப்பினார். வயிற்று வலி என்று பொய் சொல்லிப் போய் உட்கார்ந்து, பார்த்துவிட்டு வந்தேன். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இரவு கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்லக் கும்மிப் பாட்டு மாதிரி இழுத்து இழுத்துப் படித்தார். ஈ... எஃப் பி... டி ஓ இசட்... எல் பி ஈ டி. இன்றைக்கும் எனக்கு அது அவர் குரலில்தான் கேட்கிறது.

சோதனை அன்று நானும் கூடப் போனேன். டாக்டர் குச்சியால் மூன்றாவது வரியைத் தொட்டார். அப்பா நான்காவது வரியைச் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். வயிற்று வலிப் பையன். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பல வருடம் அவரை நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம், பொறுப்பில்லாதவர் என்று திட்டினேன். இரண்டு வருடம் கழித்து ஒரு விடிகாலை, விளக்கில்லாத மாட்டுவண்டியை அப்பா கடைசி நொடியில்தான் பார்த்தார். வண்டி சாய்ந்தது, ஆளுக்கு ஒன்றும் இல்லை, மாட்டின் கால் போயிற்று. பேருந்தை ஷெட்டில் விட்டுவிட்டு எட்டு மைல் நடந்தே வீட்டுக்கு வந்தார். அதன்பிறகு அவர் ஓட்டவில்லை. அந்த டாக்டர் அன்றைக்குக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, “உட்காருப்பா, எப்போதிலிருந்து தெரியவில்லை?” என்று கேட்டிருக்கலாம். கையெழுத்து போடுவதற்கும் மறுப்பதற்கும் நடுவில் அப்படி ஒரு கேள்வி இருந்தது. அதை அவர் கேட்கவில்லை. நானும் அப்பாவிடம் கேட்கவில்லை.

உங்கள் கேள்வியை மறந்தே போனேன். படியுங்கள். பெங்களூரில் அதற்கென்றே ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனம் இருக்கிறது. கிளினிக் வைக்க முடியாதுதான். அப்பாவிடம் அதை ஒப்புக்கொண்டுவிடுங்கள், வீண் சண்டை வேண்டாம்.

அப்புறம், மூன்று மாதமாக விடாத தலைவலி என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். டியூட்டி போய்விடும் என்று யூனிட் சீஃபிடம் சொல்லாமல் இருக்கிறீர்களா? நாளைக் காலையில் யாரிடமாவது போய்க் காட்டுங்கள். மருந்துச் சீட்டை நீங்களே எழுதிக்கொள்ளக் கூடாது. காட்டிவிட்டு எனக்கு ஒரு வரி போடுங்கள்.