வில்லின் முதுகுக்குத் தோலா, மூங்கிலா, பட்டா?

கேள்வி: பூவரசு மரத்தில் ஐந்தடி வில் ஒன்றை நானே செதுக்கினேன். இரண்டு நாள் எய்ததில் அதன் வெளிப்பக்கத்தில் ஒரு சிலாம்பு எழும்பிவிட்டது. மாட்டுத்தோலை ஒட்டச் சொல்கிறார் மாமா. மூங்கில் பட்டையை ஒட்டச் சொல்கிறார் தச்சர். எது சரி?
— வாசகர், கும்பகோணம்

பதில்: நாணை இழுக்கும்போது வில்லின் முதுகு, அதாவது இலக்கைப் பார்த்த பக்கம், இழுபடுகிறது, நம்மைப் பார்த்த வயிற்றுப்பக்கம் நெரிபடுகிறது. இழுவை தாங்காமல்தான் உங்கள் வில்லில் சிலாம்பு எழும்பியிருக்கிறது. எதையும் ஒட்டுவதற்கு முன்னால் வில்லைத் திருப்பி, வயிற்றுப்பக்கத்தைச் சாய்வெயிலில் பாருங்கள். குறுக்கே மயிரிழை போன்ற கோடுகள் தெரிந்தால் மரம் நசுங்கத் தொடங்கிவிட்டது. அந்த வில்லைச் சுவரில் மாட்டிவிடுவதே நல்லது. மூங்கிலின் வெளித்தோல் எளிதில் நீண்டு கொடுக்காது என்பதால், அதை ஒட்டினால் பாரம் முழுவதும் வயிற்றுப்பக்கத்தின் மேல் விழுந்து நசுங்கல்தான் பெருகும்.

கோடுகள் இல்லை, சிலாம்பும் மேலோட்டமானது என்றால், என் தேர்வு மாமா சொன்னதுமல்ல, தச்சர் சொன்னதுமல்ல. திருபுவனத்துப் பட்டு உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய பட்டுப்புடவையில் சரிகை படாத, இற்றுப்போகாத பகுதியை, பாவு நூல் (புடவையின் நீளவாக்கில் ஓடும் நூல்) வில்லின் நீளத்தோடு ஓடுமாறு வெட்டிக்கொள்ளுங்கள். சிலாம்பைப் பசையிட்டுப் படியவைத்து, அது காய்ந்தபின் முதுகை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வெள்ளைப் பசையில் துணியை நனைத்து, காற்றுக் குமிழ் நிற்காமல் விரலால் நீவி ஒட்டுங்கள். இது வில்லுக்கு வலு கூட்டாது. சிலாம்பு மீண்டும் எழும்பாமல் அணைத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். உங்களுக்குத் தேவையானதும் அதுவே.

மாமா சொல்லும் தோல் பதனிடாத தோலாக இருந்தால் பாதுகாப்பில் பட்டுத்துணியைவிடக் குறைந்ததல்ல. செருப்புக்குப் பதனிட்ட தோல் இழுத்தால் நீளும். அது வெறும் அலங்காரம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்குவதைத் தஞ்சைப் பக்கத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வில்லின் மேல் ஒட்டிய தோலும் அதே ஈரத்தைக் குடிக்கும், எடையும் கூடும்.

தச்சரின் யோசனையை அடுத்த வில்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு மேல் முற்றிய மூங்கிலைப் பிளந்து, உளுத்துப்போகாமலிருக்க வாய்க்கால் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள். உட்பக்கத்தை மட்டும் இழைத்து, நடுவில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெளித்தோலில் உளி படவே கூடாது, கணுக்களின் மேட்டை மட்டும் மெல்லத் தணிக்கலாம். இந்த ஒட்டுக்கு வெள்ளைப் பசை வேண்டாம்; ஓயாத இழுவையிலும் சித்திரை வெயிலிலும் அது மெல்ல நழுவும். இரண்டு குழாய்களில் வரும் எப்பாக்சிப் பசையே ஏற்றது.

கேள்வி: பழைய துருக்கிய வில்களில் விலங்கின் தசைநாரை ஒட்டியிருப்பார்களாமே, நாமும் செய்யலாமா?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: செய்யலாம்; காவிரிக் கரையில் நிலைக்காது. நாரும் அதைப் பிடிக்கும், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையும் ஈரத்தில் இளகுபவை. காய்வதற்கே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் நமக்கு அடுத்த மழை வந்துவிடும்.