கேள்வி நேரம்: குட்டைக் குழல் விவகாரம்

கேள்வி: அமெரிக்காவில் கைத்துப்பாக்கியும் கடையில் கிடைக்கிறது, நீளமான ரைஃபிளும் கிடைக்கிறது. ரைஃபிளின் குழல் குட்டையாக இருந்தால் மட்டும் அரசிடம் பதிவு செய்ய வேண்டுமாமே, இதில் என்ன நியாயம்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: நியாயம் இருந்தது, பாதி வழியில் தொலைந்துபோனது. 1934-ல் கேங்ஸ்டர்களை ஒடுக்க தேசியத் துப்பாக்கிச் சட்டம் கொண்டுவந்தபோது முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன, ஏனென்றால் கோட்டுக்குள் மறைக்கக்கூடிய ஆயுதம்தான் அரசின் கவலை. சரி, கைத்துப்பாக்கியை இறுக்கினால் ரைஃபிளை வாங்கிக் குழலை அறுத்துக்கொள்வார்களே என்று குட்டைக் குழலையும் சேர்த்தார்கள். அப்புறம் எதிர்ப்பு கிளம்பியதும் கைத்துப்பாக்கியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, குட்டைக் குழலை மட்டும் மறந்த மாதிரி விட்டுவிட்டார்கள். வாசல் திறந்து கிடக்க, ஜன்னலுக்கு மட்டும் பூட்டு! குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ பதிவு கட்டாயம். இந்த 16 ஒன்றும் வேதவாக்கு இல்லை, 1960 வரை அது 18 அங்குலமாக இருந்தது.

கேள்வி: நான் ஹெச்1பி விசாவில் டெக்சாஸில் இருக்கிறேன். குட்டைக் குழல் ரைஃபிளுக்கு இப்போது வரியே கிடையாது, நீயும் வாங்கு என்கிறார் அலுவலக நண்பர். வாங்கலாமா?
- பெயர் வேண்டாம், டல்லாஸ்

பதில்: நண்பர் சொன்னதில் வரி விஷயம் சரி. 1934 முதல் ஒரு டாலர்கூட ஏறாமல் இருந்த 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். ஆனால் விண்ணப்பம், புகைப்படம், கைரேகை, ஒப்புதல் வரும்வரை காத்திருப்பது எல்லாம் அப்படியே இருக்கிறது.

உங்கள் சிக்கல் வேறு. ஹெச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது என்கிறது கூட்டாட்சிச் சட்டம், தோட்டாவும் அதில் அடக்கம். வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள், அது உண்மைதான், ஆனால் விசாவைப் பணயம் வைத்துப் பார்க்கிற விஷயமா இது? வக்கீலிடம் கேட்காமல் கடைப் பக்கம் போகாதீர்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

நண்பரிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். ஒப்புதல் வருவதற்கு முன்னால் பிஸ்டலில் தோளில் ஊன்றும் கட்டையை மாட்டினாலே, குழலின் நீளத்தைப் பொறுத்து அது சட்டப்படி குட்டைக் குழல் ரைஃபிள் ஆகிவிடும், பதிவு இல்லாமல் பிடிபட்டால் 10 ஆண்டு வரை சிறை. பதிவு செய்ததையும் நினைத்தபடி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக முடியாது, முன் அனுமதி வேண்டும். கலிஃபோர்னியாவுக்கு வேலை மாறுகிறார் என்றால் அந்த ஆசையை டெக்சாஸிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள், அந்த மாநிலம் இதைத் தடை செய்திருக்கிறது.

கேள்வி: வரியே இல்லையென்றால் பதிவு மட்டும் எதற்கு?
- ஒரு வாசகி, கோவை

பதில்: நீங்கள் கேட்டதைத்தான் துப்பாக்கி ஆதரவாளர்கள் நீதிமன்றத்திலும் கேட்டிருக்கிறார்கள். 1937-ல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதே, வரி விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்ற அடிப்படையில்தான். அந்த வரி போய்விட்டதே என்பது அவர்கள் வாதம். இயந்திரத் துப்பாக்கிக்கும், வெடிகுண்டு மாதிரியான அழிவு ஆயுதங்களுக்கும் மட்டும் அதே 200 டாலர் தொடர்கிறது.