ஓய்வு பெற்ற போதகர் பக்கத்துக் குடியிருப்பிலேயே இருந்தால் என்ன செய்வது?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் கடைவீட்டு மாடியில் கூடும் சிறிய சுயாதீனத் தமிழ்ச் சபை எங்களுடையது. எழுபது குடும்பம். 22 வருடம் எங்களை நடத்திய போதகர் வரும் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். புதியவர் ஜனவரியில் ஈப்போவிலிருந்து வருகிறார், வயது 34. ஐயா பக்கத்துத் தாமானில்தான் (குடியிருப்பில்தான்) வீடு பார்த்திருக்கிறார். "நான் பாட்டுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்" என்கிறார். கமிட்டியில் பாதிப் பேருக்குச் சந்தோஷம், மீதிப் பேருக்குப் பயம். நான் செயலாளர். யார் மனமும் நோகாமல் இதை எப்படிச் சமாளிப்பது?

பதில்: சகோதரி, ஐயாவுக்கு உங்கள் சபையில் பின் பெஞ்சு கிடையாது. 22 வருடம் பிரசங்கபீடத்தில் நின்றவர் எங்கே உட்கார்ந்தாலும் எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். புதியவர் ஒரு வசனத்தை வேறு மாதிரி விளக்கினால், சனங்கள் திரும்பி ஐயாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால்கூட அன்றைய மதியச் சாப்பாட்டில் அதற்கு நாலு அர்த்தம் சொல்லுவார்கள். ஐயா நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நல்லவராக இருப்பதால்தான் உங்களுக்கு இவ்வளவு சங்கடம். சண்டை போட்டுக்கொண்டு போகிறவராக இருந்தால் எனக்கு எழுதியே இருக்க மாட்டீர்கள்.

நான் சொல்வது இதுதான். ஜனவரி முதல் ஒரு வருடம் ஐயாவும் அம்மாவும் வேறு சபையில் ஆராதிக்கட்டும். திருமணம், ஞானஸ்நானம், அடக்க ஆராதனை, வீட்டு ஜெபம் எதுவானாலும் புதியவர் அழைத்தால் வரட்டும், இல்லாவிட்டால் வேண்டாம். சபை வாட்சப் குழுவிலிருந்தும் டிசம்பர் 31 இரவோடு விடைபெறட்டும். இதைக் கமிட்டி அறிவிக்கக் கூடாது. கமிட்டி சொன்னால் "ஐயாவைத் துரத்துகிறார்கள்" என்று ஆகிவிடும். வழியனுப்பு ஆராதனைக்கு இரண்டு வாரம் முன்னால் ஐயாவே பீடத்தில் நின்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு முன் அரைப்பக்கக் கடிதம் ஒன்று எழுதி, ஐயா, புதியவர், நீங்கள் மூவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். "நமக்குள் எதற்குக் கடிதம்?" என்று யாராவது கேட்பார். கேட்கட்டும்.

இதற்கு விதிவிலக்கு ஒன்றே ஒன்று. அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனஸ்தாபம் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. பாட்டி ஒருவர் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சில் இருக்கிறார். அவர் கணவரை அடக்கம் செய்தவர் ஐயா, பேரப்பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் ஐயா. "ஐயாவைக் கூப்பிடு" என்கிறார். அப்போது கடிதத்தை நீட்டாதீர்கள். ஐயா போகத்தான் வேண்டும். ஆனால் காரை எடுக்கும் முன் புதியவருக்கு ஒரு போன்: "தம்பி, பாட்டி கேட்கிறார், இரண்டு பேரும் போவோமா?" இரண்டு பேரும் போகட்டும். ஐயா கையைப் பிடித்து ஜெபிக்கட்டும், புதியவர் கூட நிற்கட்டும். புதியவர் வெளியூரில் இருந்தால் ஐயா தனியாகப் போய்வந்து அன்றே சொல்லிவிடட்டும். பாட்டி போய்ச் சேர்ந்தால் அடக்க ஆராதனையை நடத்துகிறவர் புதியவர். குடும்பம் விரும்பினால், அதுவும் புதியவர் வழியாகக் கேட்டால், ஐயா ஐந்து நிமிடம் நினைவுரை சொல்லலாம். இந்தச் சலுகை மரணப்படுக்கைக்கு மட்டும். சிறுநீரகக் கல் மரணப்படுக்கை ஆகாது. மகனின் எஸ்பிஎம் (பள்ளி இறுதி) தேர்வு ஆகாது. புதுவீட்டுப் பிரதிஷ்டை நிச்சயமாக ஆகாது. சிரிக்காதீர்கள், மூன்றுக்கும் பழைய போதகரை அழைத்த சபைகளைப் பார்த்திருக்கிறேன்.

மெதடிஸ்ட், லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளில் போதகரை நியமிக்கவும் மாற்றவும் மேலே ஆள் உண்டு. உங்களுக்கு மேலே யாரும் இல்லை. அதனால் காகித வேலை முழுவதும் உங்கள் தலையில்தான்.

முதலில் கல்யாணங்கள். 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி, போதகர் நடத்தும் திருமணம் சட்டப்படிப் பதிவாக வேண்டுமானால் அவர் உதவித் திருமணப் பதிவதிகாரியாக நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். ஐயாவுக்கு அது இருந்தால் அது ஐயாவுக்குத்தான். சாவியைக் கைமாற்றுவது போல் புதியவரிடம் கொடுக்க முடியாது. புதியவரின் நியமனம் வரும்வரை ஜோடிகள் தேசியப் பதிவிலாகாவில் பதிந்துவிட்டு ஆலயத்துக்கு வரட்டும். மோதிரம் மாற்றி, கேக் வெட்டி, ஆல்பம் அச்சடித்த பிறகு பதிவு இல்லை என்று தெரிந்து அழுத பெண்ணை எனக்குத் தெரியும்.

அடுத்தது சொத்து. அந்தக் கடைவீடு யார் பெயரில் இருக்கிறது? நீங்கள் அதை எழுதவில்லை, அதனாலேயே கேட்கிறேன். "அப்போது சபை பதிவாகவில்லை, அதனால் ஐயா பெயரில் வாங்கினோம்" என்ற கதையை எத்தனையோ தடவை கேட்டாயிற்று. அப்படியானால் வழியனுப்பு விழாவுக்கு முன்பே வழக்கறிஞரிடம் போங்கள். ஐயா உயிரோடும் உங்களோடு நல்லபடியாகவும் இருக்கும்போது இது ஒரு கையெழுத்து வேலை. அவர் கண்மூடினால் பிள்ளைகளிடம் பேச வேண்டிவரும், அதில் ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருப்பார்.

சபை சங்கப் பதிவிலாகாவில் பதிவானதென்றால், பொறுப்பாளர் மாற்றத்தைத் தெரிவியுங்கள். ஆண்டுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை போக வேண்டும். இரண்டு அணியாகப் பிரிந்து "நாங்கள்தான் உண்மையான கமிட்டி" என்று ஆளுக்கொரு கடிதம் மட்டும் போட்டுவிடாதீர்கள். சண்டையைத் தீர்த்துக்கொண்டதற்கு ஆதாரம் கேட்பார்கள், கொடுக்க முடியாவிட்டால் பதிவே ரத்தாகலாம். வங்கிக் கையெழுத்தை மாற்ற இப்போதே மனுப் போடுங்கள். நான் உதவிய ஒரு சபைக்கு நாலு மாதம் இழுத்தடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு பாரம், வேறு ஒரு கவுண்டர், வேறு ஒரு "அடுத்த வாரம் வாங்க". அதுவரை மின்கட்டணம் பொருளாளரின் கைக்காசில்.

இனி என் பழைய புலம்பல். போதகர் மாறுகிறார் என்ற செய்தி பரவினால் தரகர்கள் வந்துவிடுவார்கள். "தமிழ்நாட்டிலிருந்து பெரிய ஊழியக்காரர் வருகிறார், மூன்று நாள் உபவாசக் கூட்டம், டிக்கெட்டும் காணிக்கையும் போதும்" என்பார் ஒருவர். விசாவைக் கேட்டால் "சும்மா விசிட்டில் வந்துவிட்டுப் போகட்டும்" என்பார். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான சமூக வருகைப் பாஸில் வந்து ஊழியம் செய்ய முடியாது. மத ஊழியர்களுக்கு என்று தொழில்முறை வருகைப் பாஸ் இருக்கிறது, அதற்கு உங்கள் சபையே முன்கூட்டி மனுச் செய்ய வேண்டும். பிரச்சினை வந்தால் குடிநுழைவுத் துறை முன் நிற்பது நீங்கள், தரகர் போனை எடுக்க மாட்டார். இன்னொருவர் "பதிவிலாகாவில் எனக்கு ஆள் இருக்கிறது" என்பார். மூன்றாமவர் சபையின் ஆவிக்குரிய நிலையை ஆராய்ந்து அறிக்கை தருவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்பார். நானே அப்படி ஓர் அறிக்கையைப் படித்தேன். பெயரை மாற்றினால் எந்தச் சபைக்கும் பொருந்தும். ஜனவரி தொடங்கி ஆறு மாதத்துக்கு வெளிப் பிரசங்கிகளே வேண்டாம் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டுவிடுங்கள்.

ஐயாவுக்கு ஓய்வுகாலச் சேமநிதி (ஈபிஎஃப்) கட்டினீர்களா? காணிக்கை என்று பெயர் வைத்து 22 வருடம் உறையில் கொடுத்திருந்தால், பொன்னாடையும் பழத்தட்டும் போதாது, ஒரு கணிசமான தொகையைச் சேர்த்துக் கொடுங்கள். புதியவருக்காவது முதல் மாதத்திலிருந்தே ஒழுங்காகக் கட்டுங்கள்: 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்குச் சபை 13 விழுக்காடு, அவர் 11 விழுக்காடு.

புதியவரை ஜனவரி வரை காக்க வைக்காமல் டிசம்பர் நடுவிலேயே குடும்பத்தோடு வரச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகக் கேரல் ரவுண்டு போவீர்கள் அல்லவா? ராவாங்கிலும் பூச்சோங்கிலும் சிதறிக் கிடக்கும் எல்லா வீட்டுக்கும் ஐயா அவரை அழைத்துப் போய், வாசலில் நின்று "இவர்தான் இனி உங்கள் போதகர்" என்று சொல்லட்டும். வேனில் புதியவரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இடம் வையுங்கள், அம்மாவை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள்.