காசியில் கரையே கோயில்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என் தாயாரைக் காசிக்கு அழைத்துச் சென்றேன். நான்கு மணி நேரம் வரிசையில் நின்று விசுவநாதரைச் சில நொடிகளே தரிசித்தோம். மாலையில் தசாசுவமேத படித்துறையில் ஆரத்தி கண்டு, மறுநாளே திரும்பிவிட்டோம். அம்மாவுக்கு நிறைவு. எனக்கோ காசியைப் பார்த்த உணர்வே இல்லை. என் பக்திதான் போதவில்லையா?

ஒரு வாசகர், விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பக்தியில் குறையில்லை. நீங்கள் கருவறையைக் கண்டீர்கள், கரையைக் காணவில்லை. காசியின் பெரும்பகுதி கரையில்தான் இருக்கிறது.

இமயத்திலிருந்து இறங்கித் தென்கிழக்காக ஓடிவரும் கங்கை, காசியில் வளைந்து வடக்கு நோக்கித் திரும்புகிறது. நகரம் மேற்குக் கரையின் மேட்டில் அமைந்திருக்க, எதிர்க்கரையோ மழைக்கால வெள்ளத்தில் மூழ்கும் தாழ்ந்த மணல்வெளி என்பதால் அங்கே நகரம் எழவில்லை. எனவே உதிக்கும் கதிரவன் எந்தத் தடையுமின்றி நீரைக் கடந்து நேரே படிகளில் விழுகிறான். நதி, படி, சூரியன் மூன்றும் எதிரெதிரே நிற்கும் அந்த வைகறைதான் காசியின் முதல் தரிசனம் என்று நான் கருதுகிறேன். நீங்கள் படித்துறைக்குப் போனது மாலையில்.

பழைய யாத்திரை முறையும் கரையையே முன்னிறுத்துகிறது. ஐந்து துறைகளில் நீராடும் பஞ்சதீர்த்த யாத்திரை செய்பவர் தெற்கே அசி ஆறு கங்கையில் கலக்கும் சங்கமத்தில் நீராடித் தசாசுவமேதத்துக்கு வந்து, வடகோடியில் வருணை ஆறு கலக்குமிடத்திலுள்ள ஆதிகேசவத்தைத் தொட்டு, பஞ்சகங்கா வழியாகத் திரும்பி மணிகர்ணிகையில் நிறைவு செய்வார். 1669இல் விசுவநாதர் ஆலயம் இடிக்கப்பட்டது. இன்றுள்ள கோயிலை மராட்டிய அரசி அகல்யாபாய் ஓல்கர் 1780இல்தான் எழுப்பினார். இடைப்பட்ட நூறாண்டுகளிலும் மக்கள் இந்தப் படிகளுக்கு வந்துகொண்டேயிருந்தார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

தமிழர்களுக்கு இக்கரையில் தனி உரிமையே உண்டு. தந்தையை இழந்த இளம் பாரதி அத்தை வீட்டில் தங்கிப் படித்தது அனுமான் படித்துறையை ஒட்டிய தெருவில். அங்கிருந்து சிறிது வடக்கே நடந்தால் அரிச்சந்திர படித்துறையின் சிதைகள். அவ்விடத்தைக் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டுப் பேசாமல் கடக்க வேண்டும். அடுத்து, செம்மையும் வெண்மையுமாகப் பட்டையிட்ட படிகளுக்கு மேல் கேதாரேசுவரர் கோயில். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடத்தின் தொடர்பால் அங்கே இன்றும் தமிழ் கேட்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் என் தாயாரோடு அப்படிகளில் அமர்ந்திருந்தபோது, இந்தி தெரியாத அவர், பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த மூதாட்டியுடன் ஊர்ப் பேச்சுப் பேசத் தொடங்கிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அந்த அம்மையார் தலைமுறைகளாகக் காசியிலேயே வாழும் தமிழ்க் குடும்பத்தவர்.

அடுத்த முறை குறைந்தது மூன்று இரவுகள் தங்குங்கள். மழைக்காலத்தில் படிகள் நீரில் மூழ்கி, ஒரு துறையிலிருந்து அடுத்ததற்கு நடக்க முடியாது என்பதால் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ செல்வது நல்லது. அம்மாவால் இயலாவிட்டால் அவரைப் படகில் ஏற்றிவிட்டு, நீங்கள் விடியுமுன் அசியிலிருந்து வடக்கு நோக்கி நடக்கத் தொடங்குங்கள். கேதாரத்தை அடையும்போது வெயில் உங்கள் வலத்தோளில் ஏறியிருக்கும். அங்கே அம்மாவுக்காகக் காத்திருங்கள்.

அன்புடன்