‘200 பேர் அமரலாம்’ என்றால், எப்படி அமரலாம்?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் மூன்று கிளைகளிலிருந்தும் 150 பேரை இரண்டு நாள் ஓரிடத்தில் கூட்டும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. காலையில் மேடைப் பேச்சு, மற்ற நேரமெல்லாம் குழு விவாதம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் ‘200 பேர் அமரலாம்’ என்கிறார்கள். நகரத்துக்கு வெளியே ஒரு ரிசார்ட்டும் பார்த்து வைத்திருக்கிறேன். எதை வைத்து முடிவு செய்வது?
– ஒரு வாசகி

பதில்: அந்த 200ஐ நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். அரங்கத்தார் சொல்லும் எண், பெரும்பாலும் மேஜையே இல்லாமல் நாற்காலிகளை மட்டும் வரிசையாகப் போட்டால் கொள்ளும் எண். அதற்கு ஆளுக்குச் சுமார் 10 சதுர அடி போதும். 2,000 சதுர அடியில் 200 பேர் அடங்கிவிடுவார்கள். குழு விவாதத்துக்கோ வட்ட மேஜை வேண்டும். 5 அடி விட்டமுள்ள மேஜையைச் சுற்றி 8 பேர் உட்காரலாம். மேடைக்கு முதுகு காட்டும் நாற்காலிகளை எடுத்துவிட்டால் 6 பேர்தான். அப்படியானால் 150 பேருக்கு 25 மேஜை. நாற்காலியும் நடைவழியும் சேர்த்து மேஜைக்கு 10க்கு 10 அடி என்று வைத்தால் 2,500 சதுர அடி. மேடைக்கும் அதன் முன் விடும் இடத்துக்கும் ஒரு 400. தேநீர் மேஜையை வெளியே போட்டால்கூட, 2,900 சதுர அடிக்குக் குறைந்த அரங்கில் நீங்கள் நினைக்கிற கூட்டம் நடக்காது. ஆகவே அரங்கின் நீள அகலத்தையும், தூண்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து கூரையின் உயரம். இதைப் பலர் கேட்பதே இல்லை. திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து 4 அடியாவது மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் மறைக்கும். திரையின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரம் வரைதான் எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க முடியும். கடைசி மேஜை 48 அடி தள்ளி இருந்தால் 8 அடித் திரை, அதாவது 12 அடிக் கூரை. கூரை தாழ்ந்திருந்தாலோ அலங்கார விளக்குகள் தொங்கினாலோ, அரங்கின் நடுப்பகுதியில் இரு பக்கமும் கூடுதல் திரை வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

நேரில் போகும்போது அரங்கின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். சத்தம் உடனே அடங்காமல் இழுத்துக்கொண்டே போனால், 25 மேஜையிலும் ஒரே நேரத்தில் பேசும்போது பக்கத்தில் இருப்பவர் சொல்வதுகூடக் காதில் விழாது. கம்பளமும் கனத்த திரைச்சீலையும் உள்ள அரங்கு இதற்கு நல்லது. ஒரு பக்கச் சுவர் நகர்த்தக்கூடிய தடுப்பாக இருந்தால், அதே நாளில் அந்தப் பக்கம் என்ன நிகழ்ச்சி என்று கட்டாயம் விசாரியுங்கள். தடுப்பு பார்வையை மறைக்கும், ஒலிபெருக்கியை மறைக்காது.

கழிவறைகளையும் எண்ணுங்கள், கூச்சப்படாதீர்கள். 60 பெண்களுக்கு 4 கழிவறை, ஆளுக்கு 2 நிமிடம் என்றால் கடைசிப் பெண் வெளியே வர அரை மணி நேரம் ஆகும். நிகழ்ச்சி நிரலில் தேநீர் இடைவேளை 15 நிமிடம் என்று போட்டிருப்பீர்கள்; முதல் அமர்விலேயே நேரம் தவறுவது இப்படித்தான். சக்கர நாற்காலியில் வருபவர் யாருடைய உதவியும் இல்லாமல் மேடை வரை போக முடிகிறதா என்பதையும் அப்போதே நடந்து பார்த்துவிடுங்கள்.

வைஃபை வேகத்தை மட்டும் கேட்டால் போதாது. 150 பேர் என்றால் கைபேசியும் மடிக்கணினியுமாக 300 கருவிகள். அரங்குக்குள் ஒரே நேரத்தில் எத்தனை கருவி இணையலாம் என்று கேளுங்கள்.

ஓட்டலா ரிசார்ட்டா என்பதற்கு வருகிறேன். முதலில் 150 பேரிடமும் ஒரு கேள்வி அனுப்புங்கள்: இரவு தங்க முடியுமா? கைக்குழந்தை உள்ளவர்கள், வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்பவர்கள் காரணம் சொல்லாமலே ‘இல்லை’ என்று பதில் தர வழி இருக்கட்டும். அநேகமாக எல்லோரும் தங்குவார்கள் என்றால் ரிசார்ட்தான் என் தேர்வு. வெவ்வேறு கிளைக்காரர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். பத்தில் இரண்டு பேருக்கு மேல் ‘இல்லை’ என்று பதில் தந்தால் ரிசார்ட் வேண்டாம். மாலை 4 மணிக்கே அவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலே சரி.

ஒப்பந்தத்தில் ‘குறைந்தபட்ச எண்ணிக்கை’ என்றொரு வரி இருக்கும். அத்தனை பேர் வராவிட்டாலும் அந்தத் தொகையைக் கட்டியாக வேண்டும். அதை 130 என்று எழுதி, பிறகு கூட்டிக்கொள்ள இடம் வையுங்கள். கடைசியாக மாற்றக்கூடிய தேதியையும் குறியுங்கள். மேஜை போட, ஒலி சரிபார்க்க முந்தைய நாள் மாலையே அரங்கு உங்கள் கைக்கு வர வேண்டும். ‘ஓர் அரங்கு’ என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்; நீங்கள் கைதட்டிப் பார்த்த அதே அரங்கின் பெயர் அதில் இருக்க வேண்டும்.