அமெரிக்காவில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பவர், கூடவே இரண்டாவதாக ஒரு சின்னத் துப்பாக்கியும் எடுத்துச் செல்ல வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். அந்த இடத்தில் ஒரு உதிரி மேகசினும் (தோட்டாக்களை அடுக்கி பிஸ்டலின் பிடிக்குள் செருகும் கூடு), கையடக்க டார்ச்சும், ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிகேயும் இருந்தால் அதிகப் பயன். சிலருக்கு மட்டும் இரண்டாவது துப்பாக்கி உண்மையிலேயே தேவைப்படும். அவர்கள் யார் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். இதைப் படிக்கும் தமிழர்களில் பலர் அங்கே எச்1பி விசாவில் இருப்பீர்கள். அந்த விசாவில் இருப்பவருக்கு முதல் துப்பாக்கியே கூட்டாட்சிச் சட்டப்படி தடை. தோட்டா மட்டும் வைத்திருந்தாலும் குற்றம்தான், அதிகபட்ச தண்டனை 15 ஆண்டு சிறை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. வழக்கறிஞரைப் பார்க்காமல் அவற்றை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இரண்டு துப்பாக்கிப் பழக்கம் போலீஸிலிருந்து வந்தது. 1980கள் வரை அங்கே பெரும்பாலான போலீஸ்காரர்களின் இடுப்பில் இருந்தது ஆறு குண்டு ரிவால்வர். ஆறும் தீர்ந்தால் குண்டுகள் உட்காரும் உருளையைத் திறந்து, காலி உறைகளைக் கொட்டி, புதிதாக நிரப்ப வேண்டும். அதைவிட இன்னொரு ரிவால்வரை உருவுவது சீக்கிரம் முடியும். அதற்கு 'நியூயார்க் ரீலோட்' என்றே பெயர் வைத்தார்கள். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகள் இரண்டு கொள்ளையர்களோடு மோதியபோது, கார்கள் இடித்துக்கொண்டதில் ஜான் ஹேன்லன் என்ற ஏஜெண்டின் முதல் துப்பாக்கி கைநழுவிப் போனது. அவர் சண்டை போட்டது இரண்டாவதாக வைத்திருந்த ஐந்து குண்டு ரிவால்வரால்தான். ஐந்தும் தீர்ந்து திரும்ப நிரப்பும்போது கையில் சுடப்பட்டார். இரண்டாவது துப்பாக்கி எவ்வளவு உதவும், எங்கே நின்றுவிடும் என்று இரண்டையுமே இந்தச் சம்பவம் காட்டுகிறது.

ஆனால் போலீஸ்காரர் குற்றவாளியை நெருங்கிப் பிடித்து விலங்கு மாட்ட வேண்டியவர். கட்டிப்புரளும்போது அவர் இடுப்புத் துப்பாக்கியை எதிராளி பிடுங்கப் பார்ப்பான். உங்கள் வேலை அங்கிருந்து விலகி வீடு போய்ச் சேர்வது. இன்றைய கிளாக் 19 மாதிரி பிஸ்டலில் 15 தோட்டா இருக்கும்போது, தோட்டா தீர்ந்துபோகும் என்ற கவலையும் பெரும்பாலும் தேவையற்றது.

"துப்பாக்கி சிக்கிக்கொண்டால்?" என்பது நியாயமான கவலை. பிஸ்டலில் அடிக்கடி கோளாறு தருவது மேகசின்தான்: களைத்த ஸ்பிரிங், வளைந்த மேல் விளிம்பு, முழுசாக உள்ளே உட்காராதது. அடுத்தது, மணிக்கட்டு தளர்ந்த பிடி. அப்போது சுட்டு முடித்த காலி உறை வெளியே பறக்காமல், ஸ்லைடின் (ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னுக்குப் போய் வரும் மேல்பகுதி) திறப்பில் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக நிற்கும். விசையை இழுத்தால் ஒன்றும் நடக்காது. விரலை விசையிலிருந்து எடுத்து, இடது உள்ளங்கையால் மேகசினின் அடியில் பலமாகத் தட்டி, ஸ்லைடைப் பின்னுக்கு முழுசாக இழுத்து விட்டால் சரியாகிவிடும். பழகியவருக்கு ஓரிரு நொடி. இரண்டு தோட்டா ஒன்றாக நெரிந்து மாட்டிக்கொண்டால் ஸ்லைடைப் பின்னால் பூட்டி, மேகசினை உருவிப் போட்டு, இரண்டு மூன்று தடவை ஸ்லைடை இழுத்துவிட்டு, புது மேகசின் போட வேண்டும். உதிரி மேகசின் ஏன் முக்கியம் என்பது இப்போது புரியும். அந்தக் கோளாறுக்கு மருந்தே அதுதான்.

இரண்டாவது துப்பாக்கி உண்மையில் தீர்ப்பது கையின் பிரச்சினையை. வலது கை அடிபட்டுவிட்டது, அல்லது யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அல்லது கார் சீட் பெல்ட்டுக்கு அடியில் இடுப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது இடது கைக்கு எட்டுகிற இடத்தில் ஒன்று இருந்தால் உதவும். நாள் முழுக்க வண்டி ஓட்டுபவர், நகை அல்லது ரொக்கம் சுமப்பவர், ஒரு தோளில் நிரந்தரக் குறை உள்ளவர் ஆகியோருக்குத்தான் நான் இதைப் பரிந்துரைப்பேன்.

வாங்குவதென்றால் இரண்டு வழி. ஒன்று, கிளாக் 19 வைத்திருப்பவர் கிளாக் 26 வாங்குவது. பெரியதின் மேகசின் சின்னதில் பொருந்தும், இயக்கமும் ஒன்றே. ஆனால் பாக்கெட்டுக்குக் கனம். இன்னொன்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 442 அல்லது 642 வகை, .38 ஐந்து குண்டு ரிவால்வர். எடை 420 கிராம் அளவு. வெளியே துருத்தும் சுத்தியல் இல்லாததால் துணியில் மாட்டாது. பிஸ்டலின் முனையை எதிராளியின் உடலில் அழுத்தினால் ஸ்லைடு பின்னுக்குத் தள்ளப்பட்டுச் சுடாமல் போகலாம். ரிவால்வருக்கு அந்தத் தொல்லை இல்லை.

ரிவால்வர் சிக்கவே சிக்காது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். உருளையின் நடுவில் இருக்கும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் ஒன்று புகுந்தால் உருளை சுற்றாது. பழைய டூத்பிரஷ் ஒன்று போதும், ஒவ்வொரு முறை ரேஞ்சில் சுட்டுப் பழகி முடிந்ததும் தேய்த்துவிடுங்கள். எடை குறைந்த ரிவால்வரில் உதைப்பு கடுமை. அந்த அதிர்ச்சியில் இன்னும் சுடாத தோட்டாவின் குண்டு உறையிலிருந்து மெல்ல முன்னே நகர்ந்து உருளையைப் பூட்டிவிடலாம். இதைச் சோதிக்க ஐந்தையும் நிரப்பி நாலைச் சுட்டுவிட்டு, ஐந்தாவதை எடுத்துப் புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். நீளம் கூடியிருந்தால் அந்தப் பிராண்ட் தோட்டாவை மாற்றுங்கள்.

வைக்கும் இடம் இடது முன் பாக்கெட். விசையை முழுசாக மூடும் பாக்கெட் ஹோல்ஸ்டர் (துப்பாக்கியைச் செருகி வைக்கும் உறை) கட்டாயம். அந்தப் பாக்கெட்டில் சாவியோ சில்லறையோ எதுவும் கூடாது. வாரம் ஒருமுறை பஞ்சுத் தூசியை எடுத்துவிடுங்கள். கணுக்கால் ஹோல்ஸ்டர் உட்கார்ந்திருப்பவருக்குச் சரி. நடப்பவர் குனிந்து பேண்டைத் தூக்க வேண்டும், அதற்குள் காரியம் முடிந்துவிடும்.

சுமக்கத் தொடங்குமுன் ஒரு பரீட்சை. ஐந்து கெஜத் தூரத்தில் ஒரு காகிதத் தட்டு. இடது கையால் மட்டும், ஐந்து குண்டு. ஐந்தும் தட்டில் விழ வேண்டும். இந்த ரிவால்வரின் விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கும் மேல் பலம் வேண்டும் என்பதால் முதல் நாளில் பலருக்கு இரண்டு கூட விழாது. வீட்டில் டம்மி தோட்டா போட்டு, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட்டு, தினம் பத்து நிமிடம் விசை இழுத்துப் பழகுங்கள். தேறாத வரை இரண்டாவது துப்பாக்கி வெறும் பாரம்தான்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க், கலிஃபோர்னியா உரிமங்களில் எந்தெந்தத் துப்பாக்கி என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். பட்டியலில் இல்லாததைச் சுமந்தால் சிக்கல். நியூ மெக்சிகோ உரிமத்தில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் மறைத்து வைத்திருக்கலாம். போலீஸ் நிறுத்தி, ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டால் இரண்டையும் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டு, அவர்களே பாக்கெட்டில் கண்டுபிடிப்பதுதான் மிக ஆபத்தான நிமிடம்.

குழந்தை இருக்கும் வீட்டில் பெரும்பாலும் மறந்துபோவது இந்தச் சின்னதுதான். பேண்டைக் கழற்றிக் கதவில் மாட்டும்போது பாக்கெட்டிலேயே தங்கிவிடும். இரண்டுக்கும் ஒரே பூட்டுப் பெட்டி வாங்கி, உள்ளே இரண்டு இடம் ஒதுக்குங்கள். இரவில் மூடுமுன் இரண்டு இடமும் நிரம்பியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.